இடைக்கதவும் இரைச்சலும்

கண்ணுக்கு இமை உண்டு. காண விரும்பாதபோது அதை மூடிக்கொள்ளலாம். காதுக்கு அத்தகைய மூடி எதனையும் இயற்கை அமைக்கவில்லை. மனிதன் உறங்கும்போதும் அவனுடைய செவி திறந்தே இருக்கிறது. ஆகையால், அதற்கு வேண்டிய மூடியை அவன் தன் வீட்டின் வடிவிலே தேடிக்கொண்டான். சுவரும் கூரையும் கதவும் வெயிலையும் மழையையும் கள்வனையும் தடுப்பதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. வேண்டாத ஓசையை வெளியே நிறுத்துவதும் அவற்றின் தொழில்களுள் ஒன்றாகும்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் இத்தொழிலின் பெரும்பகுதியைத் தூரமே செய்து முடித்தது. வேலியடைத்த வளவின் நடுவே வீடு இருக்கும். அடுத்த வீட்டுப் பேச்சு மரங்களைக் கடந்து வருவதற்குள் தேய்ந்துவிடும். கொழும்பு நகரிலோ தூரம் என்பது விலை கொடுத்தும் பெறுவதற்கு அரிய பொருளாகிவிட்டது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை முதலிய பகுதிகளில், ஒரு குடும்பத்துக்கென்று கட்டப்பட்ட பழைய வீடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாகத்தில் வீட்டுக்காரரும் மற்றப் பாகத்தில் வாடகைக்கு வந்தவரும் வாழ்வது வழக்கம். ‘அனெக்ஸ்’ என்று பலரும் அழைப்பது இப்பாகத்தையே. முன்னர் ஒரே வீட்டின் இரண்டு அறைகளை இணைத்த கதவு, பின்னர் இரண்டு குடும்பங்களைப் பிரிக்கும் எல்லையாகிவிடுகிறது. திறாங்கு போட்டு மூடப்பட்ட அந்த இடைக்கதவு ஆளைத் தடுக்கும்; பார்வையைத் தடுக்கும்; ஓசையை மட்டும் தடுப்பதில்லை. சுவருக்கும் காது உண்டு என்பது பழமொழி. இத்தகைய கதவுக்கோ காதும் உண்டு, வாயும் உண்டு.

இதனால் விளையும் துன்பம் சிறியது அன்று. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி, அப்பாலிருந்து வரும் தொலைக்காட்சி நாடகத்தின் வசனத்தோடு போராடியே பௌதிகவியல் பாடத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் வைத்தியசாலையில் கடமை பார்த்து வந்த தாதி, பகலில் கண்ணயர முடியாமல் புரள்கிறாள். இவற்றிலும் நுண்மையான துன்பம் ஒன்று உண்டு. தான் பேசும் சொல் கதவுக்கு அப்பால் விளங்குகிறது என்று அறிந்துகொண்ட குடும்பம், நாளடைவில் குரலைத் தாழ்த்தியே வாழப் பழகிவிடுகிறது. கடன், நோய், பிள்ளையின் விவாகம், வெளிநாட்டிலிருந்து மகன் பேசும் தொலைபேசி என்று எல்லாமே கிசுகிசுப்பாகின்றன. தன் வீட்டிலே தாராளமாகப் பேச முடியாதவர் அந்த வீட்டில் முழுமையாக வாழ்கிறார் என்று சொல்ல முடியாது.

வாடகைக்கு இருப்பவருக்குச் சுவரை உடைத்துக் கட்டும் உரிமை இல்லை. கதவை மாற்றும் உரிமையும் இல்லை. ஓர் ஆணி அறைவதற்குக்கூட வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். வீட்டை விட்டுப் போகும்போது, வந்தபடியே அதை ஒப்படைத்தால்தான் கட்டிய முற்பணம் முழுமையாகத் திரும்பும். இந்த எல்லைக்குள் நின்றுகொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதே ஆராயத்தக்கது. அதற்கு முதலில் ஓசை எவ்வழியாக வருகிறது என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு கதவின் பக்கமாக ஓசை மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, கதவைச் சுற்றியுள்ள இடுக்குகள். அங்கே காற்றுத் தடையின்றி உலவுகிறது; காற்று உலவும் வழியெல்லாம் ஓசைக்கும் வழியே. இரண்டாவது, கதவின் பலகை. ஓசை அதன்மீது மோதும்போது பலகை கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிர்ந்து, மறுபக்கத்துக் காற்றையும் அதிரச் செய்கிறது. மூன்றாவது, கதவைச் சாராத வழி. சுவர், தரை, கூரை என்பவற்றின் ஊடாகவும் ஓசை சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

ஓசையின் அளவை டெசிபெல் என்னும் அலகினாற் குறிப்பர். தொலைபேசியோடு தொடர்புடைய அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. இந்த அளவு சாதாரணக் கூட்டல் கழித்தல் போன்றது அன்று. 10 டெசிபெல் குறைந்தால் ஓசையின் சக்தி பத்தில் ஒன்றாகிறது. 20 குறைந்தால் நூறில் ஒன்று. 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று. ஆயினும் நமது செவி இதே கணக்கில் உணர்வதில்லை. 10 டெசிபெல் குறையும்போது ஓசை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது போல் தோன்றும். 3 டெசிபெல் மாற்றத்தை உற்றுக் கேட்டால்தான் அறியலாம்.

இனி, ஒரு கதவை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். கதவு 7 அடி உயரமும் 3 அடி அகலமும் உடையது என்று கொள்வோம். அதன் பரப்பு 3,024 சதுர அங்குலம். அதன் அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியின் பரப்பு 18 சதுர அங்குலம். அதாவது, முழுப் பரப்பில் ஆயிரத்துக்கு ஆறு பங்கு. பார்வைக்கு இது ஒரு பொருட்டே அன்று. ஆனால், பலாவிலோ தேக்கிலோ திண்ணமாகச் செய்த நல்ல கதவொன்றின் பலகை, தன்மீது விழும் ஓசையில் ஆயிரத்தில் ஒரு பங்கையே அப்பால் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், பலகை வழியாக ஒன்றும் இடுக்கு வழியாக ஆறுமாக, ஆயிரத்துக்கு ஏழு பங்கு ஓசை உள்ளே வருகிறது. செவிக்கு எட்டும் ஓசையில் ஏழில் ஆறு பங்கு, விரல் நுழையாத அந்த இடுக்கின் வழியே வருகிறது! 30 டெசிபெல் தடுக்கவேண்டிய கதவு 22க்கும் குறைவாகவே தடுக்கிறது. இவ்விடுக்கை அடைத்தால் 8 டெசிபெல் வரை மீளப் பெறலாம். புதிய கதவு தேவையில்லை. இருக்கும் கதவு தன் வேலையைச் செய்ய விட்டாற் போதும்.

கதவு வேறு வகையானதாயின் கணக்கும் வேறாகும். இன்று தொடர்மாடி வீடுகள் பலவற்றின் அறைக்கதவுகள் உள்ளே வெற்றிடம் வைத்து இருபுறமும் மெல்லிய ஒட்டுப்பலகை பொருத்தியவை. விரலால் தட்டினால் மேளம் போல் ஒலிக்கும். இத்தகைய கதவின் பலகையே ஆயிரத்துக்குப் பத்துப் பங்கு ஓசையை விட்டுவிடுகிறது என்று கொண்டால், இடுக்கின் ஆறையும் சேர்த்துப் பதினாறு ஆகும். இடுக்கை அடைத்தாலும் பத்து எஞ்சும். கிடைக்கும் இலாபம் 2 டெசிபெல்லே. ஒருவருக்குப் பெரும் பயன் தந்த அதே முறை, அடுத்த வீட்டில் பயனற்றுப் போவதன் காரணம் இதுதான். ஆகவே, பணம் செலவிடுமுன் கதவைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். திண்மையான கதவாயின் இடுக்கை அடைப்பதே முதல் வேலை. உள்ளீடற்ற கதவாயின் இடுக்கையும் அடைத்து, பாரத்தையும் கூட்ட வேண்டும்.

இடுக்குகளைக் கண்டுபிடிப்பது எளிது. இரவில் தன் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, அப்பால் விளக்கெரியும் வேளையில் கதவைப் பார்த்தால், வெளிச்சக் கோடுகள் தெரியும். ஒளி நுழையும் இடமெல்லாம் ஓசையும் நுழையும். ஒளி நேராகவே செல்வதால் வளைந்த இடுக்குகள் இதற்குத் தப்பிவிடலாம். அவற்றுக்குக் கடதாசித் துண்டு உதவும். துண்டை நிலைக்கும் கதவுக்கும் இடையில் வைத்துக் கதவைச் சாத்தி மெல்ல இழுக்க வேண்டும். தடையின்றி வழுக்கி வந்தால் அவ்விடத்தில் கதவு நிலையைத் தொடவில்லை என்பது பொருள். திறப்புத் துவாரத்தையும் மறத்தல் ஆகாது. பழைய பூட்டுகளின் துவாரம் அப்பக்கம் முழுவதையும் காட்டும் அளவு பெரியது.

பக்கங்களுக்கும் மேற்சட்டத்துக்கும் ஒட்டும் இறப்பர் நாடா ஏற்றது. இரும்புக் கடைகளில் கிடைக்கும் மலிவான பஞ்சு நாடா சில மாதங்களில் நசிந்து தட்டையாகிவிடும். உள்ளே குழல் போன்ற இறப்பர் நாடா நெடுநாள் உழைக்கும். கதவு சாத்தும்போது சிறிது அமுங்கும் தடிப்பே வேண்டுவது. அளவுக்கு மிஞ்சித் தடித்தால் திறாங்கு விழாது, பிணைச்சலும் விலகும். இன்னொன்றும் கவனித்தற்குரியது. கொழும்பில் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும்போது மரக்கதவுகள் ஈரத்தை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். வறண்ட காலத்தில் இறுக்கமாக ஒட்டிய நாடா, மழைக்காலத்தில் கதவைத் திறக்கவொட்டாமற் செய்துவிடும். பசை, வர்ணத்தைப் பெயர்க்குமோ என்ற ஐயம் இருந்தால், நிலையின் மறைவான ஒரு மூலையில் சிறு துண்டை ஒட்டிச் சில வாரம் பொறுத்து உரித்துப் பார்த்தல் நன்று. கழற்றும்போது தலைமயிர் உலர்த்தும் கருவியின் சூடான காற்றைச் சிறிது காட்டினால் பசை இளகும்.

கதவின் அடிப்பாகமே யாவற்றிலும் முக்கியமானது. நாள்தோறும் திறந்து மூடும் கதவாயின், தடித்த சீலையில் இரண்டு நீண்ட உறைகளைத் தைத்து, ஒன்று உட்புறமும் மற்றது வெளிப்புறமுமாக நிற்க, நடுவிலுள்ள சீலை கதவின் கீழாகச் செல்லும்படி அமைக்கலாம். கதவோடு அதுவும் நகரும். திறக்கப்படாத இடைக்கதவாயின் அதனினும் எளிய வழி உண்டு. நன்கு உலர்ந்த மணலை நெருக்கமாய் நெய்த துணிப்பையில் நிரப்பி, மலைப்பாம்பு போல் கதவடியில் நெருக்கிக் கிடத்தினாற் போதும். மணல் பாரமானது, இடுக்கின் வடிவுக்குத் தானே படிந்துகொள்ளும். அரிசியையோ தவிட்டையோ நிரப்பினால் நமது ஈரக் காலநிலையில் வண்டும் பூஞ்சணமும் வந்து சேரும்.

அடுத்ததாகப் பலகையைக் கவனிக்கலாம். ஓசையைத் தடுக்கும் ஆற்றல் பெரும்பாலும் பாரத்தைப் பொறுத்தது. ஒரு தடுப்பின் பாரத்தை இரட்டித்தால் அது தடுக்கும் அளவு சுமார் 5 அல்லது 6 டெசிபெல் கூடும். ஆனால், பிறருடைய கதவில் பாரம் ஏற்றுவது வாடகைக்காரருக்கு இயலாத காரியம், பிணைச்சலும் தாங்காது. திறக்கப்படாத இடைக்கதவுக்கு வேறொரு வழி இருக்கிறது. பழைய வீட்டின் சுவர் தடிப்பானது; கதவு அத்தடிப்பின் ஓரத்தில் நிற்கும்; மறு ஓரத்தில் ஒரு பள்ளம் எஞ்சும். அப்பள்ளத்துக்குள் சரியாக அமையும்படி தடித்த ஒட்டுப்பலகை ஒன்றைத் தச்சரிடம் வெட்டுவித்து, அதன் ஓரங்களைச் சுற்றி இறப்பர் நாடா ஒட்டி, ஆணி இல்லாமல் நெருக்கிப் பொருத்திவிடலாம். வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம். இரண்டு தடுப்புகள், நடுவே காற்று என்னும் இவ்வமைப்பு, ஒரு தடுப்பை மட்டும் தடிப்பாக்குவதிலும் கூடிய பயன் தரும். வானொலி நிலையங்களின் ஒலிக்கூடங்களுக்குச் செல்லும் வழியில் இரண்டு கதவுகளும் அவற்றுக்கிடையே ஒரு சிறு இடமும் அமைப்பதன் நோக்கமும் இதுவே.

இவ்விடத்தில் பலர் பணத்தை வீணாக்கும் ஒரு வழியையும் சொல்லியாக வேண்டும். முட்டைத் தட்டுகளையும் மெல்லிய பஞ்சுத் தகடுகளையும் கதவில் ஒட்டினால் ஓசை வராது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஓசையை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேலாக மண்டபத்தில் சுழன்றுகொண்டே இருந்தது. அதை ஆராய்ந்த வாலஸ் சபைன் என்னும் பேராசிரியர், வேறொரு மண்டபத்தின் ஆசன மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்து, அத்துறைக்கே அடிப்படை இட்டார். அவருடைய மெத்தைகள் மண்டபத்துக்குள் பிறந்த ஓசையை உறிஞ்சின. வெளியோசையைத் தடுப்பது அவற்றின் வேலை அன்று. பாரமற்ற பொருள் ஓசையைத் தடுக்காது. முட்டைத் தட்டுகளோ எளிதில் தீப்பற்றவும் கூடியவை.

ஆயினும் உறிஞ்சும் பொருள்கள் முற்றிலும் பயனற்றவை என்று கொள்ளலாகாது. ஓடு பதித்த தரையும் வெறுஞ்சுவருமாக இருக்கும் அறையில் உள்ளே புகுந்த ஓசை பலமுறை எதிரொலித்துப் பெருகும். கம்பளம், தடித்த திரைச்சீலை, தும்பு மெத்தை, நிறைந்த புத்தக அலுமாரி ஆகியவை அதைத் தணிக்கும். இதைத் தன் அறையில் மட்டுமன்றி, ஓசை பிறக்கும் அறையிலும் செய்தால் பயன் கூடும்.

இம்முயற்சிகளுக்கு எல்லைகளும் உண்டு. பழைய வீடுகளில் கதவுக்கு மேலே காற்றுக்காக விடப்பட்ட மரச்சட்டக் கண்கள் இருக்கும். அவை திறந்திருக்கக் கீழே நாடா ஒட்டுவது, கூரையில் ஓடில்லாத வீட்டுக்குக் குடை பிடித்தது போலாகும். அவற்றை மூடுவதாயின், அறைக்கு வெளிக்காற்று வர யன்னல் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கதவின் இடுக்கே காற்றுக்கு ஒரே வழியாக உள்ள அறையை அடைக்கலாகாது. நுளம்புச் சுருள் எரிக்கும் அறையிலும், சமையல் வாயு அடுப்புள்ள அறையிலும் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். தீ விபத்தின்போது தப்பிச்செல்லும் வழியாக அமையும் கதவைப் பலகையாலோ அலுமாரியாலோ மறிப்பது உயிருக்கே கேடாகும். வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் இடைக்கதவை மறிப்பதும் முறையன்று.

உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், உறங்கும் அறைக்குள் தொடர்ந்து ஒலிக்கும் ஓசை 30 டெசிபெல்லைத் தாண்டாதிருத்தல் நன்று என்று கூறியது. சாதாரண உரையாடல் அருகில் நின்று கேட்க ஏறத்தாழ 60 டெசிபெல். 20 டெசிபெல் தடுக்கும் கதவுக்கு இப்பால் 40 வரை எஞ்சலாம். ஆகவே, மேற்கூறிய யாவற்றையும் செய்தாலும் முழு அமைதி கிட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. பறை போன்ற தாழ்ந்த ஓசையும், கதிரையை இழுக்கும் ஓசையும், அரைக்கும் கருவியின் அதிர்வும் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வரும். கதவில் செய்யும் எதுவும் அவற்றைக் குறைக்காது.

ஆனால், கிட்டும் பயன் ஒன்று உண்டு. சொல்லுக்குத் தெளிவைக் கொடுப்பவை க, ச, த, ப போன்ற மெய்யொலிகள். அவற்றின் தெளிவு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் தங்கியிருக்கிறது. சிறிய இடுக்கினால் எளிதில் நுழைவனவும் இவையே. இடுக்கை அடைத்தால் முதலில் மறைவனவும் இவையே. அப்போது அப்பால் ஒருவர் பேசுகிறார் என்பது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது விளங்காது. மின்விசிறி ஒன்று சீராகச் சுழன்றுகொண்டிருந்தால், எஞ்சிய முணுமுணுப்பையும் அது மூடிவிடும். படிக்கும் மாணவியின் மனத்தை இழுப்பது ஓசையைவிட ஓசையிலுள்ள சொல்லே. குடும்பத்தின் அந்தரங்கத்தை வெளியாக்குவதும் சொல்லே. சொல் நின்றுவிட்டால் பாதித் துன்பம் நீங்கியதாகும்.

மற்றப் பாதி, பலகையால் அன்றிப் பழக்கத்தால் நீங்க வேண்டியது. கதிரையின் கால்களுக்கு இறப்பர் மூடி இடுவதும், அரைக்கும் கருவியின் கீழ் தடித்த விரிப்பொன்றை வைப்பதும், தொலைக்காட்சியை இடைக்கதவுப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுவதும் சில ரூபாய்ச் செலவில் முடியும் காரியங்கள். ஆனால், இவை ஓசை பிறக்கும் பக்கத்தவர் செய்ய வேண்டியவை. கேட்கும் பக்கத்தவர் கோபத்தோடு கதவைத் தட்டினால் அவை நடைபெறா. பரீட்சை எத்தனை வாரம், தாதிக்கு எந்த நாள்களில் இரவுக் கடமை என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னால், மனம் வைக்காத அயலவர் அரியர். அவருக்கும் இப்பக்கத்துக் குழந்தையின் அழுகை எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கும், அவரும் பொறுத்திருப்பார். இடைக்கதவு இரண்டு பக்கமும் ஒரே அளவிலேயே ஓசையை விடுகிறது. ஒரு பக்கத்தில் செலவிட்டுச் செய்த அடைப்பின் பயனும் இரண்டு பக்கத்தாருக்கும் உரியது. ஆதலால், கதவடியில் மணற்பையை இடுமுன், அக்கதவின் உடைமைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது, செலவும் இல்லாதது, யாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியதுமாகும்.